கோபேயில் நின்ற சுவர்

மேம்பாலத்தின் ஏறுதளத்துக்கு ஆர்.இ. சுவர், அதாவது வலுவூட்டிய மண்சுவர், வைப்பதைக் குறை சொன்னால் பொறியாளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "ஜப்பானில் பூகம்பத்தையே தாங்கின சுவர் சார் இது." மதுரையில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

தாங்கியது உண்மைதான். 1995 ஜனவரி 17 அதிகாலை ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியபோது, ரயில் பாதையோரத்துப் பழைய கல், கான்கிரீட் தாங்குசுவர்கள் பல சாய்ந்தன. அங்கே தனாட்டா என்ற இடத்தில் ஜியோகிரிட் என்ற பாலிமர் வலையை அடுக்கடுக்காக விரித்து ஏற்றிய மண்சுவர் கொஞ்சம் வெளியே நகர்ந்ததோடு சரி. வளைந்து கொடுப்பது அதன் குணம். இடமும் மிச்சம், செலவும் மிச்சம்.

ஆனால் தனாட்டாவில் முகப்பு, மண் ஏற்றி முடித்த பிறகு ஒரே பலகையாக வார்த்த கான்கிரீட். இங்கே தனித்தனிப் பேனல்களை அடுக்குகிறோம். அதைக்கூட விட்டுவிடுகிறேன். என் பழைய சண்டை தண்ணீரோடு. ஜியோகிரிட் மண்ணைப் பிடிப்பது உராய்வால். துகள்கள் நெருக்கினால்தான் உராய்வு. இடுக்கில் தண்ணீர் தேங்கினால் அந்த நெருக்கம் தளரும், குலுக்கினால் இன்னும் தளரும். பொடி மிகுந்தால் தண்ணீர் வடியாது; 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். கரிசலும் களியும் சூழ்ந்த ஊரில், லாரி லாரியாக வந்து இறங்கும் கிராவலை எத்தனை பேர் சலித்துப் பார்க்கிறார்கள்?

ஜப்பானைக் காட்டுகிறவர்கள் கோபேயோடு நிறுத்திக்கொள்வார்கள். 2004 அக்டோபரில் நீகாட்டாவில் புயல்மழை கொட்டிய மூன்றாம் நாள் பூமி அதிர்ந்தது. ஈரம் குடித்திருந்த சரிவுகளும் சாலைக் கரைகளும் ரயில் கரைகளும் சரிந்தன. அவை ஜியோகிரிட் இல்லாத கரைகள் என்பார்கள். ஆமாம், நான் பேசுவது ஈரத்தைப் பற்றி.

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் புறநகர் மேம்பாலம் ஒன்றின் அடியில் நின்றேன். பேனல் இணைப்பிலிருந்து செம்மண் கலங்கல் கோடு போட்டு இறங்கியிருந்தது. கீழே ஒரு கை சேறு, தேய்த்தால் மாவு. மூன்றாம் வரிசையில் அரசங்கன்று. கசிவு தெளிவாக வந்தால் கரை நிற்கும், கலங்கலாக வந்தால் மண் போகிறது என்பது கண்மாய் காத்தவர்களுக்குத் தெரிந்த பாடம்.

மதுரை இரண்டாம் நிலநடுக்க மண்டலம்; கணக்கில் மண்டலக் காரணி 0.10 என்று போட்டால் சுவர் காகிதத்தில் நின்றுவிடும். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் அதிர்ந்தது கோடையின் வாசலில். அடுத்தது மழை கொட்டும் கார்த்திகையில் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. இனி யாராவது கோபேயைக் காட்டினால், அந்தச் சுவருக்குள் போன மண்ணின் சல்லடைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.