ஊசி எங்கே, மரியா?

நடிப்புப் பயிற்சி நடக்கும் எந்த வகுப்பிலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இது வந்துவிடும். ‘நாலு நாலு பேராப் பிரிஞ்சுக்குங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு கதை. வசனமே கூடாது.’ சொல்லிவிட்டு ஆசிரியர் டீ குடிக்கப் போய்விடுவார்.

அப்புறம் மேடையில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒருவன் வயிற்றைத் தடவிக் கையை விரிப்பான்: பசி. ஒருத்தி நெஞ்சில் கைவைத்து, விட்டத்தைப் பார்த்து, தடாலென்று முழங்காலில் விழுவாள்: காதல் தோல்வி. காலிக் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர்ப் பஞ்சம். யாருடைய செல்போனிலிருந்தோ ஒரு சோக வயலின் வேறு. முடிந்ததும் ஆசிரியர் மற்றவர்களைக் கேட்பார். ‘என்ன கதை, சொல்லுங்க பார்ப்போம்?’ ‘முதியோர் இல்லம் சார்!’ கைதட்டல்.

இதை நடிப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. சினிமாப் பெயரைச் சைகையில் சொல்லிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இது. வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கிக் கையில் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதோடு ‘முதியோர் இல்லம்’ ஒரு கதையா? கட்டுரைப் போட்டிக்குக் கொடுக்கிற தலைப்பு.

(சைகை ஒரு மொழியாக முடியாதா என்றால், தாராளமாக முடியும். கேரளத்துக் கூடியாட்டத்தில் 24 அடிப்படை முத்திரைகள், அவற்றுக்கு ‘ஹஸ்தலக்ஷண தீபிகா’ என்று ஒரு நூலே உண்டு. வருஷக்கணக்கில் பயின்றவர் கையாலேயே வாக்கியம் அமைப்பார். நம் மாணவனின் கைக்கு அகராதி கிடையாது.)

இந்தச் சிக்கல் புதிதில்லை. ரஷ்ய நாடக மேதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் ‘அன் ஆக்டர் பிரிப்பேர்ஸ்’ 1936-ல் ஆங்கிலத்தில் வந்தது. நடிப்புப் பள்ளி மாணவன் ஒருவனின் நாட்குறிப்பு மாதிரி எழுதப்பட்ட புத்தகம். அதில் மரியா என்றொரு மாணவி. ஆசிரியர் டோர்ட்சோவ் அவளுக்கு ஒரு காட்சி கொடுக்கிறார். உனக்குப் பள்ளிக்குப் பணம் கட்ட வழியில்லை. தோழி ஒருத்தி விலையுயர்ந்த ப்ரூச் ஒன்றை (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) இந்தத் திரையில் குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் தேடு.

மரியா ஓடுகிறாள். தலையைப் பிடித்துக்கொள்கிறாள். திரையைக் கசக்குகிறாள், முகத்தைப் பொத்திக்கொள்கிறாள். இறங்கி வரும்போது அவளுக்கு ஒரே ஆனந்தம், பிரமாதமாகப் பண்ணிவிட்டோம் என்று. டோர்ட்சோவ் அமைதியாகக் கேட்கிறார்: சரி, ப்ரூச் எங்கே?

அதைத் தேட மறந்தே போயிருந்தாள்.

திரும்பப் போகச் சொல்கிறார். இந்தத் தடவை, நிஜமாகவே கண்டுபிடிக்காவிட்டால் பள்ளியில் இடமில்லை என்கிறார். மரியாவின் முகம் மாறுகிறது. திரையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்க்கிறாள். தலையைப் பிடித்துக்கொள்ளவெல்லாம் நேரமில்லை. பார்க்கிறவர்களுக்கு இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

உலகத்தில் எத்தனையோ நடிப்புப் புத்தகங்கள் வந்துவிட்டன. வசனமில்லாத காட்சியைப் பற்றி இந்த இரண்டு பக்கத்தைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நடிகனுக்கு உணர்ச்சியைக் கொடுக்காதே, வேலையைக் கொடு.

ஒரு கல்லூரி விழாவில் (ஊர் வேண்டாம்) மாணவி ஒருத்தி தனியாக மேடைக்கு வந்தாள். கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பையின் அடியில் துழாவி இன்னொரு நாணயம் எடுத்தாள். பஸ் வரும் திசையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பயிற்சி தந்தவர் சொன்னது: ‘எக்ஸ்பிரஷனே பத்தலையேம்மா.’ பரிசு, முழங்காலில் விழுந்தவர்களுக்குப் போனது. அந்தப் பெண் அடுத்த தடவை நெஞ்சில் கைவைத்து விட்டத்தைப் பார்ப்பாள். வேறு என்ன செய்வாள் பாவம்?

சரி, தேடினால் நடிப்பு வந்துவிடும். கதை? அதற்குச் சாப்ளினிடம் போகவேண்டும்.

‘சிட்டி லைட்ஸ்’ 1931-ல் வந்தது. பேசும் படம் வந்து மூன்று நான்கு வருஷமாகியும் மனிதர் பேச மறுத்து எடுத்த படம். அவருக்கு ஒரு சிக்கல்: பூ விற்கும் பார்வையற்ற பெண், இந்தக் கந்தல் கோட்டுக்காரனைப் பணக்காரன் என்று நம்பவேண்டும். எப்படி நம்பவைப்பது? இந்தக் காட்சிக்கு 342 டேக் என்கிறது கின்னஸ்.

கிடைத்த விடை ஒரு கார் கதவு. நெரிசலில் நிற்கும் காருக்குள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் நடைபாதையில் இறங்குகிறான் சார்லி. கதவு சாத்தும் சத்தம் கேட்டு அவள் பூவை நீட்டுகிறாள். பூ கீழே விழுகிறது. அவன் எடுத்துவிட்டான், அவள் இன்னும் தரையைத் தடவுகிறாள். அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. காசு கொடுக்கிறான். மீதிச் சில்லறை தருவதற்குள் காரின் நிஜச் சொந்தக்காரர் வந்து ஏறிக் கதவைச் சாத்த, கார் போய்விடுகிறது. சில்லறைகூட வாங்காமல் போய்விட்டாரே அந்தக் கனவான் என்று அவள் நினைக்கிறாள். சார்லி பூனை மாதிரி அடிமேல் அடிவைத்து நகர்கிறான். சற்றுத் தள்ளி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசுகிறாள். வேண்டுமென்றா? அங்கே ஆள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

எழுத்து அட்டை ஒன்றிரண்டு வருகிறது. ஆனால் கதை அட்டையில் இல்லை. அவளுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்ததும் தெரியாததும் நமக்குத் தெரியும். இந்த இடைவெளிதான் கதை. ‘நான் ஏழை’ என்று சார்லி கையை விரித்துக் காட்டியிருந்தால் எல்லாம் போச்சு.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 1987-ல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘பேசும் படம்’. வேலையில்லாத கமலுக்கு ஐந்து நட்சத்திர ஓட்டல் மெத்தையில் தூக்கம் வரவில்லை. பழைய அறையில் கேட்டுப் பழகிய இரைச்சல் இல்லாமல் தூங்கத் தெரியாது. அந்த இரைச்சலை டேப்பில் பிடித்துவந்து ஓடவிட்டுத் தூங்குகிறார். ஓர் ஆளின் வாழ்க்கை முழுதும் அந்த ஒரு கேசட்டில் வந்துவிடுகிறது. வசனமில்லாத காட்சிக்கு எதற்குச் சோக வயலின்? மாணவர்களின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டாலே பாதி வியாதி குணமாகும்.

பாரிஸில் 1956-ல் பள்ளி ஆரம்பித்த ஜாக் லெகாக் மாணவர்களை மௌனத்தில்தான் தொடங்கவைத்தார். ரொம்ப நாள் கழித்து நீ சின்ன வயதில் இருந்த அறைக்குத் திரும்பி வருகிறாய், இது ஒரு பயிற்சி. ‘ஏக்கம்’ காட்டு என்று கேட்கவில்லை. கதவைத் திற, என்ன இருக்கிறது பார். பேசக்கூடாது என்பதும் அவருக்குத் தண்டனை மாதிரியான சட்டமில்லை. பேசியே ஆகவேண்டும் என்ற கட்டம் வரும்வரை வார்த்தையைக் காக்கவைப்பது. அப்படி வந்த வார்த்தைக்குக் கனம் இருக்கும்.

வகுப்பு எடுக்கிறவர்களுக்கு என்னால் முடிந்த ஒரு காட்சி. ஆஸ்பத்திரி பெஞ்ச். அக்கா, தம்பி. அம்மாவின் ரிப்போர்ட்டை அக்கா படித்துவிட்டாள்; தம்பி இப்போதுதான் வருகிறான். அக்கா கையில் ஒரு ஆரஞ்சு. நிஜ ஆரஞ்சு, முழுக்க உரித்தாகவேண்டும். அழக்கூடாது. முடிந்ததும் ‘என்ன கதை?’ என்று கேட்காதீர்கள். ‘தம்பிக்கு எப்போ தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள். சுளையை வாங்கினவன் வாயில் போடாமல் வைத்திருந்தானே, அப்போது என்பான் ஒருவன். இல்லை, உள்ளே வரும்போதே தெரியும், அதனால்தான் ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பாள் இன்னொருத்தி. சண்டை போடட்டும், விட்டுவிடுங்கள். அடுத்த ஜோடியைக் கூப்பிடுங்கள். ஆரஞ்சு மட்டும் ஒரு டஜனாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.