ஆறுவதற்குள் ஒரு படம்

மார்கழி பிறந்தால் காலை ஏழு மணிக்குள் கைபேசி முழுக்க வெண்பொங்கல் வந்துவிடுகிறது. வீட்டில் ஆக்கியதைப் படமெடுத்துச் சொந்தபந்தங்களுக்கு அனுப்பும் இந்தப் பழக்கத்தை வெறும் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய கல்யாண ஆல்பங்களில் பந்தி இருக்கும், பரிமாறுகிறவர்கள் இருப்பார்கள். தினமும் அடுப்படியில் நின்ற அம்மாவும் அத்தையும் எந்த ஆல்பத்திலும் இல்லை. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம்தான் என்றிருந்த காலத்தில் மிளகு ரசத்துக்கு யார் ஒன்றைச் செலவழிப்பார்கள்? அந்தக் குறையைக் கைபேசி தீர்த்திருக்கிறது.

பனிக்காலம் இதற்குத் தோதானதும்கூட. நீராவி தானாகக் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்று பட்டு நுண்துளிகளானால்தான் வெண்புகையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் தட்டுக்குப் பின்னாலிருந்து வந்து, அதற்கப்பால் இருட்டாக இருந்தால் ஆவி இழை இழையாகப் படத்தில் விழும்.

ஆனால் பொங்கல் காத்திருக்காது. கரண்டியிலிருந்து தளரத் தளர விழுந்தது, ஆற ஆற மாவுச்சத்து இறுகிக் கட்டியாகிவிடும். தட்டின் ஓரத்தில் நெய் வெள்ளையாக உறையும். முந்திரியை நகர்த்தி, விளிம்பைத் துடைத்து, இன்னொரு கோணம் பார்ப்பதற்குள் அது வேறு பண்டம். வழக்கமாகக் கடைசியில் சாப்பிடுகிறவர் சமைத்தவர்தான். அவருக்கு இப்போது மிஞ்சுவது இன்னும் ஆறியது.

அதைவிடப் பெரிய குறை, படம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. கொள்ளு ரசம், கருப்பு உளுந்தங்களி, சுக்கு போட்ட கஞ்சி என்று குளிருக்கு உடம்பு கேட்பதெல்லாம் மங்கிய நிறம். அவற்றை யாரும் எடுப்பதில்லை. எடுக்கப்படும் பொங்கலோ கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்க்கத் தோதாகக் கெட்டியாகிக்கொண்டே போகிறது. குழைவுதான் வெண்பொங்கலின் உயிர். கண்ணுக்கு அழகாக நிற்பதற்காக அதை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூல் எழுத்தாலேயே பக்குவம் சொல்லித் தலைமுறைகளைச் சமைக்க வைத்தது. தட்டின் படம் அந்த வேலையைச் செய்வதில்லை. உதாரணத்துக்கு, சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் வைத்தாலும் அடிவாரத்துக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. சென்னையிலிருந்து போகும் படத்தைப் பார்த்து அங்கே புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் என்ன கற்றுக்கொள்வாள்?

கேமரா அடுப்பருகே வர வேண்டும். நெய்யில் மிளகு படபடக்கும் கணம், சீரகம் நிறம் மாறும் இடம், அரிசியும் பாசிப்பருப்பும் மசிந்து கரண்டியிலிருந்து விழும் வேகம், கிளறுகிற அம்மாவின் கை – இவற்றை எடுத்து, எத்தனை தண்ணீர், எத்தனை விசில் என்று கீழே ஒரு வரி எழுதி அனுப்பலாம். கொள்ளு ரசத்தையும் அப்படியே எடுக்கலாம், நிறம் எப்படியிருந்தாலும்.