‘வசித்தல்’ என்னும் சொல்

கோவில்பதாகையில் ‘முகாம்’ என்றால் கண் சிகிச்சை முகாம்தான் நினைவுக்கு வரும். பூவிருந்தவல்லியில் இறையியல் பயின்ற நாட்களில், அவ்வூரில் இருந்த ‘சிறப்பு முகாம்’ என்ற பெயரையும் நான் அவ்வாறே எளிதாகக் கேட்டுக் கடந்தேன். அப்பெயரை இன்று சொல் சொல்லாக வாசிக்க வேண்டியுள்ளது.

1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் ‘வசிக்க’ ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதே பிரிவில் சற்றுக் கீழே ‘கைது’, ‘காவல்’ என்ற சொற்களும் இருந்தன. தமிழக அரசு எடுத்துக்கொண்டது முந்தைய சொல்லை. அதன்மேல் எழுந்தவையே ஈழத்தமிழரை அடைத்துவைத்த சிறப்பு முகாம்கள். வேலூர்க் கோட்டையிலும் செங்கற்பட்டிலும் அவை இருந்தன. திருச்சியில் மத்திய சிறை வளாகத்திற்குள்ளேயே அமைந்தது.

பூட்டும் காவலரும் உண்டு. ஆயினும் உள்ளே இருப்பவர் ‘வசிக்கிறார்’. வழக்கில் பிணை கிடைத்தாலும் வெளியே வர இயலாது. கைதி அல்லர் என்பதால் தண்டனைக்காலம் இல்லை. தண்டனைக்காலம் இல்லாததால் விடுதலை நாளும் இல்லை. இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதை நம் இலக்கணம் மங்கலம் என்னும். அது துயருற்றாரை ஆற்றும் சொல். இந்த மங்கலமோ துயரையே மறைக்கிறது.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் படுகொலைக்குப்பின் எழுந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அச்சத்தையும் நீதிபதி முன் எடுத்துரைக்க வேண்டாமா? பவுலை ஈராண்டு காவலில் விட்டுச் சென்றான் பெலிக்ஸ். பின்வந்த பெஸ்து, குற்றம் இன்னதென எழுதாமல் கைதியை அனுப்புவது முறையன்று என்று அகிரிப்பாவிடம் தயங்குகிறான் (திப 25). புனிதன் அல்லன், உரோமை அதிகாரிதான்.

2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இராஜீவ் கொலை வழக்கில் எஞ்சியிருந்தோரை விடுவித்தது. அவர்களுள் இலங்கையர் நால்வர் சிறையிலிருந்து திருச்சி முகாமுக்குச் சென்றனர். சாந்தன், நாடு திரும்ப அனுமதி வந்தபின், புறப்படுமுன்னரே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கை சென்றனர். விடுதலைக்கும் வீட்டுக்கும் இடையே கழிந்த அந்த மாதங்களுக்கு எந்த நீதிமன்றம் தண்டனை விதித்தது?

2025-இல் பழைய சட்டம் நீங்கிப் புதியது வந்துள்ளது. ‘வசிக்க’ என்னும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. எழுத்தில் காரணம், உடன் ஒரு வழக்கறிஞர், குறித்த நாளில் நீதிபதியின் ஆய்வு, கடக்கக்கூடாத ஒரு கால எல்லை: இவற்றை அச்சொல்லின் அருகே விதியாக எழுதுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது.