ஆங்கில வினையும் அதனை அடுத்த இரு பெயரும்

ஆங்கிலத்தில் வினையை அடுத்து ஒரு மூவிடப்பெயரும், அதனை அடுத்து ஒரு பெயர்த்தொடரும் வந்து நிற்றல் பெருவழக்கு. 'ஐ கேவ் ஹிம் எ புக்' என்பது 'நான் அவனுக்கு ஒரு நூல் கொடுத்தேன்' எனப் பொருள்படும். 'ஐ கால்டு ஹிம் எ ஃபூல்' என்பது 'நான் அவனை முட்டாள் என்றேன்' எனப் பொருள்படும். புறத்தோற்றத்தால் இவ்விரண்டும் ஒன்றே. சொற்கள் நிற்கும் முறையிலோ 'ஹிம்' என்னும் வடிவிலோ வேறுபாடு சிறிதும் இல்லை. தமிழிலோ ஒன்றில் நான்காம் வேற்றுமையும் மற்றொன்றில் இரண்டாம் வேற்றுமையும் வெளிப்பட நிற்கின்றன. ஒரே வாய்பாட்டில் இரு பொருள் அடங்கியது எங்ஙனம் என்பதும், இலக்கண நூலார் கூறும் விளக்கங்கள் எத்துணைப் பொருந்துவன என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

பழைய ஆங்கிலத்தில் இக்குழப்பம் இல்லை. அக்காலத்து 'ஹிம்' என்பது கொள்வோனைக் குறிக்கும் நான்காம் வேற்றுமை வடிவமாக நின்றது. ஆண்பாலின் இரண்டாம் வேற்றுமைக்கு 'ஹினெ' என்னும் வேறு வடிவம் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் 'ஹினெ' மெல்ல வழக்கொழிய, 'ஹிம்' என்பதே இரு பணிகளையும் மேற்கொண்டது. பெயர்ச்சொற்களும் தம் வேற்றுமை ஈறுகளை இழந்தன. உருபு செய்த வேலையைச் சொற்கிடக்கை முறை ஏற்றது. எனினும், சொற்கிடக்கை முன்பின்னைக் காட்டுமேயன்றி, இரு பெயர்களுக்கும் இடையே உள்ள உறவு இன்னது என்று காட்டாது.

பள்ளி இலக்கணங்கள் இதற்குக் கூறும் விதி எளிது. முன் நிற்பது மறைமுகச் செயப்படுபொருள், பின் நிற்பது நேர்முகச் செயப்படுபொருள். இடம் மாற்றி 'டு' என்னும் முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பின் பொருள் மாறாது என்பர். இவ்விதி மூன்றிடத்தில் வழுவுகின்றது. முதலாவது, 'கால்டு ஹிம் எ ஃபூல்' போன்றவற்றில் இம்மாற்றம் இயலவே இயலாது. இரண்டாவது, 'இட் காஸ்ட் ஹிம் டென் பவுண்ட்ஸ்' (அதனால் அவனுக்குப் பத்துப் பவுன் செலவாயிற்று) என்பதில் கொள்வோன் ஒருவனும் இலன். 'டு' சேர்த்தலும் வழக்கன்று. மூன்றாவது, 'தி நாய்ஸ் கேவ் மீ எ ஹெட்ஏக்' (இரைச்சல் எனக்குத் தலைவலி தந்தது) என்பதைக் 'கேவ் எ ஹெட்ஏக் டு மீ' என மாற்றின் ஆங்கிலேயர் செவிக்கு அது பொருந்துவதில்லை. ஆதலின் இடமாற்றத்தை இவ்வாய்பாட்டின் இலக்கணமாகக் கொள்ளுதல் அமையாது.

ஹார்ன்பி 1954-இல் வெளியிட்ட நூலில் ஆங்கில வினை வாய்பாடுகளை 25 ஆகப் பகுத்து, இவ்விரு வகையையும் வெவ்வேறு வாய்பாடுகளாக வைத்தார். கற்போர்க்கு அப்பகுப்புப் பெரிதும் பயன்பட்டது. ஆயினும் அது பட்டியலேயன்றிக் காரணம் கூறுவதன்று. காரணத்தை நாடியவர் யெஸ்பர்சன். அவர் 1924-இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், 'அவனைத் தலைவனாக்கினர்' போன்ற தொடர்களில் மூவிடப்பெயரும் பெயர்த்தொடரும் தமக்குள் எழுவாயும் பயனிலையும் போல் இயைந்து, அவ்வியைபே வினைக்குச் செயப்படுபொருளாகின்றது என்று கொண்டார். இது நுட்பமான கருத்து. 'அவன் முட்டாள்' என்னும் சிறுதொடர் 'என்றேன்' என்னும் வினைக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

ஆனால் யெஸ்பர்சன் இவ்விளக்கத்தைக் கொடைப்பொருள் வினைகளுக்கு விரித்திலர். அங்கு அவர் பழைய செயப்படுபொருட் பாகுபாட்டையே கைக்கொண்டார். இதனை ஒரு குறை எனலாம். 'கேவ் ஹிம் எ புக்' என்பதிலும் இரு பெயர்க்கும் இடையே ஓர் உறவு உண்டு. அஃது ஒன்றாதல் அன்று, உடைத்தாதல். 'அவன் முட்டாள்' என்பது ஒருவகை; 'அவனுக்கு நூல் உண்டு' என்பது மற்றொருவகை. 1984-இல் கெய்ன் என்னும் மொழியியலார் கொடை வினைகளையும் இத்தகைய உள்தொடர் கொண்டனவாகவே விளக்கினார். இந்நோக்கில் முன்கூறிய வழுக்கள் நீங்குகின்றன. தலைவலி உடையவனாதல் உடைமையே. பத்துப் பவுன் இழத்தல் உடைமையின் நீக்கமே. 'டினைடு ஹிம் தி பிரைஸ்' (அவனுக்குப் பரிசை மறுத்தார்) என்பதும் உடைமையை மறுத்தலே.

செயப்பாட்டுவினையும் இதற்குச் சான்று பகரும். 'எ புக் வாஸ் கிவன் ஹிம்' எனப் பின்னுள்ள பெயரை எழுவாயாக்குதல் பழைய பிரித்தானிய வழக்கில் உண்டு. 'எ ஃபூல் வாஸ் கால்டு ஹிம்' என ஒருவரும் கூறார். நூல் என்பது பொருள். முட்டாள் என்பதோ பயனிலை. பயனிலை எழுவாயிடத்திற்கு ஏறாது.

'கால் மீ எ டாக்ஸி' என்னும் தொடர் இவ்விரு உறவையும் ஒருங்கே ஏற்கும். 'எனக்கு ஒரு டாக்சி அழை' என்பது ஒன்று. 'என்னை டாக்சி என்று அழை' என்பது மற்றொன்று. நகைச்சுவைக்கு இடமாகும் இத்தொடரே உறவு இரண்டு என்பதை ஐயமின்றி நிறுவுகின்றது.

இனி, உடைமை என்னும் கருத்தால் விளங்கும் மற்றொரு செய்தி உண்டு. 'சென்ட் ஹிம் எ லெட்டர்' என்பது இயல்பான தொடர். 'சென்ட் லண்டன் எ லெட்டர்' என்பதோ, இலண்டன் என்பது அங்குள்ள அலுவலகத்தையோ அரசையோ குறித்தாலன்றி நில்லாது. ஊர் ஒரு பொருளை உடையதாகாமையே காரணம். தமிழில் 'அவனுக்குக் கடிதம் அனுப்பினான்', 'மதுரைக்குக் கடிதம் அனுப்பினான்' என இரண்டும் ஒரே உருபு பெறும். தமிழ் வேறுபடுத்துமிடத்து ஆங்கிலம் ஒன்றாக்குதல் போலவே, தமிழ் ஒன்றாக்குமிடத்து ஆங்கிலம் வேறுபடுத்துகின்றது. ஆகவே, 'நம் வேற்றுமை முறையே ஆங்கிலத்தை முற்ற விளக்கும்' என்பாரும், 'ஆங்கில வாய்பாடே பொதுமுறை' என்பாரும் ஒருபுடையே கண்டவராவர்.

எவ்வினை இவ்வாய்பாட்டை ஏற்கும் என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. இலத்தீன் வழிவந்த 'எக்ஸ்பிளெய்ன்', 'டொனேட்' முதலியன ஏலா; ஆங்கிலத்திற்கே உரிய சொற்கள் ஏற்கும் என்பர். நம் மாணவர் 'எக்ஸ்பிளெய்ன் மீ' என எழுதி வழுவுதற்கு இவ்விதி ஓரளவு மருந்தாகும். ஆயினும் 'அசைன்' என்னும் இலத்தீன் வழிச்சொல் தடையின்றி ஏற்கின்றது. 'டெல்' ஏற்க, அதனோடொத்த பிறப்புடைய 'சே' ஏற்கவில்லை. எனவே பிறப்பு மட்டும் அமையாது. வினையின் பொருள்நுட்பமும் உடன் எண்ணப்படல் வேண்டும்.

மூவிடப்பெயர் முன்னிற்றலும் தற்செயலன்று. பிரெஸ்னனும் உடனாய்ந்தாரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, முன்பே அறியப்பட்டதும் சுருங்கிய வடிவினதும் ஆகிய கொள்வோன் பெயர் முன்னும், புதிதும் நீண்டதும் ஆகிய பெயர் பின்னும் வருதலே பெரும்போக்கு எனக் காட்டிற்று. இரண்டும் மூவிடப்பெயராயின் 'கிவ் இட் டு ஹிம்' என்பதே பெருவழக்காதல் இதனோடு இயைவது.

உடைமைக் கொள்கைக்கும் எல்லை உண்டு. 'ஆஸ்க் ஹிம் எ ஃபேவர்' என்பதில் 'ஹிம்' உதவியைப் பெறுபவன் அல்லன்; தரவேண்டியவன். தமிழில் இது 'அவனிடம்' என ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும். இதனை உடைமையுள் அடக்க முயல்வது வலிந்து பொருள்கோடலாகும். விதிவிலக்காகக் கொள்ளுதலே நேர்மை.

நம் மரபிலும் இவ்வாராய்ச்சிக்கு இடமுண்டு. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கொடையையும் அதுவாதலையும் ஒருங்கே பொருளாகக் கூறினார். 'கடுக்கனுக்குப் பொன்' என்புழிப் பொன்னே கடுக்கனாகின்றது. கொடையும் ஆக்கமும் ஓருருபின்கீழ் அடங்குதல் தமிழிலும் உண்டென்பது இதனால் பெறப்படும். ஓர் உருபின்கீழ்ப் பல உறவுகளை எண்ணிக் காட்டிய அம்முறையே, உருபிலா ஆங்கில வாய்பாட்டை ஆராய்வார்க்கும் ஏற்ற முறையாகும். மொழிபெயர்ப்போர் 'ஹிம்' என்பதைக் கண்டவுடன் 'அவனை' என்றோ 'அவனுக்கு' என்றோ எழுதுமுன், பின்வரும் பெயர் அவனது உடைமையோ அவனேயோ என வினவித் தெளிதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை கண்டபின் உருபு தானே அமையும்.