கண்ணாடி விடுதியும் கோல்கொண்டே விடுதியும்

எங்கள் வாசுதேவநல்லூரில் புதுவீடு கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், மேற்கு பார்த்த முகப்பு முழுவதற்கும் நீலக் கண்ணாடி பதிக்கப் போவதாகச் சொன்னார். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தெருக்களுக்கு நடுவே அண்மையில் எழுந்த ஒரு விடுதியில் தங்கி வந்தவர் அவர். "புதுமை என்றால் அதுதான்!" என்றார்.

அந்த விடுதியில் நானும் ஓர் இரவு தங்கியதுண்டு. தொட்டால் எரியும் விளக்கு, சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டில், எல்லாம் இருந்தன. திறக்கக்கூடிய சன்னல் மட்டும் இல்லை. மாலை நான்கு மணிக்கு மின்சாரம் நின்றது. கால் மணி நேரத்தில் அறை வெந்நீர் அண்டாவாயிற்று.

ஏன் என்று பார்ப்போம். கதிரவனின் ஒளி கண்ணாடியை எளிதில் ஊடுருவும். அதனால் சூடேறும் தரையும் கட்டிலும் நீண்ட அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களை வெளியிடுகின்றன. இவற்றைக் கண்ணாடி வெளியே விடாது. சூடான காற்றுக்கும் வழியில்லை. நுழைந்த வெப்பத்தைக் குளிர்பதன எந்திரம்தான் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் கட்டணம் வாடகையில் சேர்ந்துவிடுகிறது.

அதே புதுச்சேரியில் இதைவிடப் புதுமையான விடுதி ஒன்று இருக்கிறது. அதன் வயதோ எண்பதைத் தாண்டிவிட்டது! அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டேதான் அது. ஐதராபாத் நிசாமின் நன்கொடை கிடைத்ததால் இப்பெயர் வந்தது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து, டோக்கியோவில் தொழில் நடத்திய அந்தோனின் ரேமண்டு. ஜார்ஜ் நாகாஷிமா, பிரான்டிசெக் சாமர் ஆகியோர் புதுச்சேரியில் இருந்து வேலையைக் கவனித்தனர். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கிய கட்டடம், உலகப்போர்க் காலத் தட்டுப்பாடுகளுக்கு நடுவே 1940-களில் முடிந்தது. இந்தியாவின் தொடக்ககால நவீன கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று.

இதன் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. காலை மாலை வெயில் தாழ்ந்து வந்து தாக்கும் கிழக்கும் மேற்கும் குறுகிய சுவர்களே. நீண்ட பக்கங்களில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் வரிசையாக உள்ளன. வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப அவற்றைச் சாய்த்துக்கொள்ளலாம். அறைக் கதவுகளும் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆனவை. ஆளை மறைக்கும், காற்றை மறைக்கா. கூரை இரட்டைக் கூரை. தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் நிழலாக நிற்கின்றன. இடையிலுள்ள காற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் கதிரவன் புதுச்சேரிக்கு நேர் உச்சியில் நிற்பான் என்பதை எண்ணிப் பாருங்கள். கூரைக்குத்தான் முதல் அடி!

குறை இல்லாமலில்லை. அந்தப் பலகைகள் அஸ்பெஸ்டாஸ் சிமெண்டினால் ஆனவை. அஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதை இன்று அறிவோம். புதிதாகக் கட்டுவோர் அதைத் தொடக்கூடாது. காற்று நுழையும் வழியெல்லாம் ஓசையும் நுழையும். அத்தனை பலகைகளையும் துடைக்க ஆசிரமத்தில் கைகள் உண்டு. வாணிப விடுதிக்குக் கட்டுப்படியாகுமா என்பது ஐயமே. பக்கத்து மஞ்சள் சுவர்களோடும் வளைவு வாயில்களோடும் அதன் சாம்பல் நிறம் ஒட்டவில்லை என்பாரும் உண்டு. எனக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. ஊரின் வெயிலையும் காற்றையும் அறிந்து கட்டிய கட்டடம் அந்த ஊருக்கு அன்னியமாகாது.

அப்படியானால் கோல்கொண்டேயை அப்படியே வாசுதேவநல்லூரில் கட்டிவிடலாமா? கூடாது. அது கடற்கரை, இது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஏறத்தாழ 9.2 பாகை வட அகலாங்கில் இருப்பதால், சித்திரைப் பிறப்பை ஒட்டியே நமக்குக் கதிரவன் உச்சிக்கு வந்துவிடுகிறான். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. ஒன்றை அழைத்து மற்றதைத் தடுக்க வேண்டும். தாழ்ந்த வெயிலைச் சன்னலுக்கு மேலுள்ள குறுகிய ஓடு தடுக்காது. ஆழமான தாழ்வாரம், செங்குத்துச் சட்டங்கள், சற்றுத் தள்ளி ஒரு வேம்பு, இவையே பயன்படும். ஓட்டு வீட்டில் வாழ்ந்த நம் பாட்டிமார் மாலையில் மூங்கில் தட்டி கட்டியதும் இதற்காகத்தான்.

இவற்றையெல்லாம் காகிதத்தில் படம் போட்டு நண்பரிடம் காட்டினேன். கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம். அதை வடக்குச் சுவரில் பொருத்தலாமா என்று இப்போது கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.