ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கு யார் சாட்சி?

சென்னை வானகரத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஓட்டுநரில்லா மெட்ரோ தடத்தின் கடைக்கோடி வந்துவிடும். 2025 மார்ச்சில் பூந்தமல்லி–முல்லைத்தோட்டம் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான சுமார் 26 கி.மீ. தடத்தில் பிரேக் பிடிப்பதும் கதவு திறப்பதும் மென்பொருளின் பொறுப்பு.

அதை ஓட்டிப் பார்த்தே நம்பிவிட முடியாது. ரயில் சிக்னலுக்கான உச்ச நிலை ‘சில்-4’. ஒரு பாதுகாப்புச் செயல்பாடு பத்துக் கோடி மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் ஆபத்தாகத் தவறக்கூடாது என்கிறது அது. பத்துக் கோடி மணி நேரம் என்றால் 11,400 ஆண்டு! சோதனை ஓட்டத்தால் எட்ட முடியாத இந்தத் தூரத்தைக் கடக்க மூன்று மரபுகள் வளர்ந்தன.

முதலாவது வழிமுறை மரபு. விமானத்துறையின் டிஓ-178, ரயில்துறையின் இஎன் 50128 ஆகிய தரநிலைகள் இதைச் சேர்ந்தவை. தேவைப் பட்டியலிலிருந்து சோதனைப் பதிவு வரை ஒவ்வொரு படிக்கும் ஆவணம் வேண்டும். எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. ஒழுங்காக வேலை நடந்ததை இது காட்டும். விளைந்தது சரியா என்பதை முழுதும் காட்டாது.

இரண்டாவது நிரூபண மரபு. 1998-இல் திறந்த பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடத்தில் முக்கியப் பாதுகாப்பு மென்பொருளைக் கணித முறையில் நிரூபித்தார்கள். ஆனால் தேவையையே தவறாக எழுதியிருந்தால், நிரூபணம் அந்தத் தவறுக்கும் துணைபோகும்.

மூன்றாவது வாத மரபு. 167 பேரைப் பலிகொண்ட 1988 பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்துக்குப் பின் பிரிட்டனில் வலுப்பெற்றது. ‘இது ஏன் பாதுகாப்பானது’ என்று இயக்குபவரே ஆதாரத்தோடு வாதாட வேண்டும். வாதம் வெறும் சடங்கானால் என்ன ஆகும் என்பதை, 14 பேர் இறந்த 2006 நிம்ராட் விமான விபத்தின் விசாரணை அறிக்கை கடுமையாகச் சொன்னது.

மூன்றுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு: சான்று இடம் மாறினால் செல்லாது. ஏரியன்-4 ராக்கெட்டில் பிழையின்றி ஓடிய மென்பொருளை ஏரியன்-5-இல் வைத்தார்கள்; புதிய ராக்கெட்டின் வேகத்தை அதன் கணக்கு தாங்கவில்லை. 1996-இல் கிளம்பிய 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது.

டெல்லியில் 2020 டிசம்பர் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடுகிறது. அந்த அனுபவம் சென்னைக்கு உதவும், சான்றாகாது. 2002-ஆம் ஆண்டு மெட்ரோ சட்டப்படி, பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்த பிறகே பயணிகள் ஏறலாம். ரயில் ஓடத் தொடங்கிய பின் மென்பொருளில் ஒரு வரி மாறினாலும், பழைய வாதம் இன்னும் நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். திறப்பு விழாவோடு முடிகிற வேலை அல்ல இது.