ரோஜா அத்தரும் கூட வந்த அட்டையும்

கன்னோஜில் இருந்து அஞ்சு மில்லி ரோஜா அத்தர் தருவிச்சேன். குப்பியோட ஒரு வழவழப்பான அட்டையும் வந்தது. ரோஜா வாசனையை விரும்புற பெண் எப்படிப்பட்டவள்னு அதில் பட்டியல் போட்டிருந்தார்கள்: மென்மையானவள், காதலில் உறுதியானவள், வெளியே கூச்சம், உள்ளே வைராக்கியம். வாங்கினது நாற்பது தாண்டின ஒரு ஆம்பளை. அது அட்டைக்குத் தெரியாது, பரவாயில்லை. ஆனால் இந்த "வாசனையைச் சொல், குணத்தைச் சொல்கிறேன்" வியாபாரம் எந்த அளவுக்குத் தாங்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு.

முதலில் அத்தர். பூசின பத்து நிமிஷம் பச்சைக் காம்பு வாசமும் லேசான மிளகுக் காரமும். அப்புறம் தேன், பழுத்த பழம். அரை மணி கழிச்சுத்தான் நாம ரோஜான்னு சொல்ற ரோஜா வருது. மதியத்துக்குள்ள பூ போயிடுது, மரத்தூள் மாதிரி ஒரு இனிப்பு மட்டும் மிச்சம். பழைய முறையில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். சந்தனம் விலை ஏறின பிறகு பலரும் வேறு எண்ணெய்க்கு மாறிட்டார்கள். இதிலும் அடித்தளம் மெலிசுதான். முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நூத்துக்குத் தொண்ணூறு போடுவேன்.

ஒரு வாரம் பூசிக்கிட்டு ஆபீஸ் போனேன். "என்ன சார், உக்கடத்துல பாய் கடைக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்றான் டீமில் ஒரு பையன். இன்னொரு பெண்ணுக்கு ரோஸ்மில்க் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா, "ஏங்கண்ணு, எங்கியாச்சும் எழவுக்குப் போயிட்டு வர்றியா?" தொழுகை, ரோஸ்மில்க், சாவு மாலை. ஒருத்தர்கூட மென்மைன்னு சொல்லலை. மூணு பேரை வெச்சு ஆராய்ச்சி முடிவு சொல்லக்கூடாதுதான். ஆனாலும் மூணு பேரும் என் குணத்தை மோந்து பார்க்கலை, அவங்கவங்க ஞாபகத்தைத்தான் மோந்து பார்த்தார்கள்.

ரோஜா அத்தர் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல விமர்சனம் 400 வருஷம் பழசு. எழுதினவர் ஜஹாங்கீர். தன் நினைவுக் குறிப்பான 'துசுக்-இ-ஜஹாங்கீரி'யில் அத்தர் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்கிறார். நூர்ஜஹானின் அம்மா அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சும்போது, சூடான பன்னீரை ஊத்தின தட்டுகளின் மேல் ஏடு மாதிரி ஏதோ படியுது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா வழிச்சுச் சேர்த்து வைக்கிறார். ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்ச்சால் சபை முழுக்க மணக்கும், ஒரே நேரத்தில் நிறைய மொட்டு விரிஞ்ச மாதிரி இருக்கும் என்கிறார் ஜஹாங்கீர். போன உயிரைத் திருப்பிக் கொண்டுவரும் என்கிற அளவுக்குப் போகிறார். அஸ்மத் பேகத்துக்கு ஒரு முத்துமாலை பரிசு. கூட இருந்த சலீமா சுல்தான் பேகம் அதற்குப் பேர் வைக்கிறார்: இத்ர்-இ-ஜஹாங்கீரி.

கண்டுபிடிச்சது ஒரு பெண், பேர் வெச்சது இன்னொரு பெண், பேர் மட்டும் அரசருடையது. அப்புறம் வந்த கதைகளில் கண்டுபிடிச்ச பெருமையும் அம்மாகிட்ட இருந்து மகளுக்குப் போயிடுச்சு. நூர்ஜஹான்தான் கண்டுபிடிச்சார்னு இன்னிக்கும் பல பேர் எழுதுகிறார்கள். அழகான ராணிக்கு ரோஜா பொருந்துது, தட்டில் ஏடு வழிக்கிற மாமியாருக்குப் பொருந்தலை போல. இதில் கவனிக்க வேண்டியது, ஜஹாங்கீர் பூசுறவங்க குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலை. வாசனை என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்கிறார். அட்டை எழுதினவரைவிட அவர் நல்ல விமர்சகர்.

அந்த ஏடு ஏன் படியுது? ரோஜா மணத்தில் பெரும்பங்குள்ள ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் தண்ணியில் கரையும், அதனால் பன்னீரோட போயிடும். கரையாத சிட்ரோனெல்லால், ஜெரானியால் எல்லாம் எண்ணெயா மேலே மிதக்கும். பீட்டா டமாஸ்கினோன்னு ஒண்ணு, எண்ணெயில் நூத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனா மூக்குக்கு எட்டுறதில் அதுக்குப் பெரிய பங்கு. அதாவது கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீரும் குப்பியில் இருக்கிற அத்தரும் ஒரே பூவின் ரெண்டு பாதிகள். மென்மை எந்தப் பாதியில் இருக்கு?

அட்டைகள் பலிக்கிற ரகசியம் 1948-லேயே தெரிஞ்சுபோச்சு. பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, உனக்கு எவ்வளவு பொருந்துதுன்னு மார்க் போடச் சொன்னார். சராசரி 5-க்கு 4.26. ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்த வரிகள் அவை. வெளியே கூச்சம், உள்ளே வைராக்கியம்னு சொன்னால் யாருக்குத்தான் பொருந்தாது?

அதுக்காக வாசனைக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். செக் நாட்டு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கு. அவரவர் தேர்ந்தெடுத்த செண்ட் அவரவர் உடம்பு வாசனையோட கலந்தபோது, வேறு யாரோ கொடுத்த செண்டைவிட நல்லா இருந்ததாம். தனியா மோந்தால் ரெண்டு செண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, நம்ம மூக்கு எதையோ சரியாத்தான் தேர்ந்தெடுக்குது. ஆனால் அது தோலைப் பற்றிய தேர்வு. அதிலிருந்து காதலில் உறுதிக்குத் தாவ வழி இல்லை.

இதை வெறும் விளம்பர அட்டைன்னு சிரிச்சுட்டுப் போயிருப்பேன். எங்க ஊரில் இந்த அட்டை ரொம்ப காலமா வேற வடிவத்தில் இருக்கு. என் அம்மிச்சி முப்பத்திரண்டு வயசில் தாலி அறுத்தவங்க. வெள்ளைச் சேலை, பூ கிடையாது, வாசனைப் பவுடர் கிடையாது. அந்த நிலைமையில் ஒரு பொம்பளை மேல மணம் வந்தால் ஊர் குணத்தைப் பத்தித்தான் பேசும். அம்மிச்சியோட மாடத்தில் மட்டும் மருந்துக் கடைப் பன்னீர் பாட்டில் ஒண்ணு எப்பவும் இருக்கும். கண்ணு எரியுதுன்னு பஞ்சில் நனைச்சு இமையில் வெச்சுக்குவாங்க. ஈரக்கையைக் கழுத்தில் துடைச்சுக்குவாங்க. கண்ணு எரியறது வெள்ளிக்கிழமை மட்டும்தான்னு பெரியம்மா ரொம்ப வருஷம் கழிச்சுச் சொன்னாங்க. மருந்துங்கறதால யாரும் கேக்கலையாம்.

அந்தப் பன்னீரில் அம்மிச்சியோட குணம் என்னன்னு எந்த மூக்காலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. யாருக்கும் தெரியாம இருக்கறதுதான் அவங்களுக்கு வேணும்.

அத்தர் வாங்கலாமான்னு கேட்டால், வாங்கலாம். சந்தன அடித்தளமான்னு கேட்டு வாங்குங்க. மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும். சட்டையில் படாமப் பாத்துக்குங்க, எண்ணெய்க் கறை லேசில் போகாது.